அம்மாவுக்கும் ஓய்வுநாள் உண்டு

(மாதர் சங்கங்களுக்கும் அன்பியக் குழுக்களுக்கும் குடும்பங்களுக்குமான பாடம்)

நிலம், நீர், விதை, கடன், சந்தை என்று விவசாயக் குடும்பங்களுக்குரிய பல விடயங்களை நாம் சேர்ந்து படித்து வருகிறோம். இவை எல்லாவற்றையும் ஒரு வீட்டுக்குள் ஒன்றாக இழுத்துப் பிடித்திருப்பவள் தாய். அவளுடைய உடலும் மனமும் சோர்ந்தால் தோட்டமும் சோரும், பிள்ளைகளின் படிப்பும் சோரும். அதனால் இம்முறை தாய்மாரின் களைப்பையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம். குறிப்பாக, மற்றவர்களுக்கு விடுமுறையாகவும் தாய்க்கு இரட்டை வேலையாகவும் வரும் சனி, ஞாயிறு தினங்களைப் பற்றிச் சிந்திப்போம்.

ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் கூட இருந்து கேட்பது அவசியம். தாய்மார் மட்டும் இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே எதுவும் மாறாது.

1. பார்ப்போம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிறார்கள். புத்தகப் பையை ஒரு மூலையிலும் சப்பாத்தை வேறொரு மூலையிலும் போடுகிறார்கள். அந்த நேரத்திலிருந்து தாயின் வார இறுதி தொடங்குகிறது.

எமது நாட்டில் பள்ளிச் சீருடை வெள்ளை நிறம். எமது மண்ணோ பல இடங்களில் சிவப்பு. ஐந்து நாட்கள் செம்மண் ஒழுங்கையில் நடந்து வந்த வெள்ளை உடுப்பைச் சனிக்கிழமை தோய்த்தால்தான் திங்கட்கிழமைக்குக் காயும். கார்த்திகை, மார்கழி மழையில் அதுவும் நிச்சயமில்லை. கொட்டிலுக்குள் கயிறு கட்டி, அடுப்புச் சூட்டில் காய வைக்க வேண்டும். மூன்று பிள்ளைகள் இருந்தால், வீட்டு உடுப்புகளையும் சேர்த்து, எத்தனை வாளி தண்ணீர் அள்ள வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 20 லீற்றர் தண்ணீர் 20 கிலோ பாரம். பொதுக்கிணற்றிலிருந்து பத்துத் தடவை சுமந்தால் 200 கிலோவை அவள் இடுப்பிலும் தலையிலும் சுமந்திருக்கிறாள்.

சனிக்கிழமை வேறு வேலைகளும் உண்டு. பிள்ளைகளை ரியூசன் வகுப்புக்கு அனுப்ப வேண்டும். பஸ் நேரத்துக்குச் சாப்பாடு ஆக வேண்டும். கூலி வேலை கிடைத்தால் அதை விட முடியாது. களை பிடுங்கவும் வெங்காயம் கிண்டவும் போய்வந்துதான் அவள் அடுப்பை மூட்டுகிறாள். வீட்டுத் தோட்டத்தில் ஏதும் இருந்தால் சந்தைக்கும் போக வேண்டும்.

ஞாயிறு விடிகிறது. எல்லோரையும் எழுப்பி, குளிக்க வைத்து, தலை இழுத்துத் திருப்பலிக்குக் கொண்டுபோகிறாள். சிறியவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பு. பிறகு மாதர் சங்கக் கூட்டம் அல்லது கடன் குழுக் கூட்டம். ஞாயிறு என்றால் வீட்டில் மீனோ இறைச்சியோ எதிர்பார்ப்பார்கள். உறவினர் வந்தால் இன்னும் இரண்டு சுண்டு அரிசி கூடப் போட வேண்டும். மாலையில் உடுப்பு மினுக்குதல், பிள்ளைகளின் கொப்பி பார்த்தல், திங்கட்கிழமைக்குத் தேங்காய் இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்று பார்த்தல். வெள்ளிக்கிழமையைவிட ஞாயிறு இரவில் அவள் அதிகம் களைத்திருக்கிறாள்.

பல தாய்மார் இதைத் தங்கள் பலவீனம் என்று நினைக்கிறார்கள். "என்ரை அம்மா எட்டுப் பிள்ளையளை வளர்த்தவ. என்னாலை மூன்று பேரைப் பார்க்க ஏலாமல் கிடக்குது" என்று மனம் நோகிறார்கள். இது சரியான கணக்கா என்று பார்ப்போம்.

அந்த அம்மா தனியாக வளர்க்கவில்லை. பக்கத்து வளவில் அம்மம்மா இருந்தா. பின்வளவில் சின்னம்மாவும் மச்சாளும் இருந்தார்கள். ஒருவர் மா இடிக்கும்போது மற்றவர் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். கிணறு வீட்டோடு இருந்தது. விறகு வேலியோடு இருந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்களும், 2009 இல் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்குப் போனவர்களும் வீட்டையும் காணியையும் மாத்திரம் இழக்கவில்லை. உதவிக்கு நீண்ட கைகளையும் இழந்தார்கள். ஒரு சகோதரி வவுனியாவில், மற்றவர் கடல் கடந்து, மாமி காலமாகிவிட்டா. ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் அதே நிலைதான். காணி கிடைத்தது, அயல் முழுவதும் திரும்பி வரவில்லை. முன்பு நாலைந்து பெண்கள் பகிர்ந்து செய்த வேலையை இப்போது ஒரு தாய் செய்கிறாள். கணவனை இழந்தவர்களும், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் தகப்பனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

ஆகவே இந்தக் களைப்பை ஒரு தாயின் குறையாகப் பார்ப்பது தவறு. இடப்பெயர்வு அவள் தோளில் ஏற்றிய பாரத்தின் ஒரு பகுதி இது.

இதனோடு இன்னொரு வேதனையும் சேருகிறது. திருப்பலியில் மறையுரை நேரத்தில் கண் சொருகுகிறது. மனம் அடுப்பில் இருக்கிறது. இரவுச் செபத்தில் பாதியில் நித்திரை. "கடவுளுக்குக்கூட நேரம் கொடுக்க முடியவில்லையே" என்று அவள் தன்னையே குற்றம் சாட்டுகிறாள். விவிலியம் இவளுக்கு என்ன சொல்கிறது என்று இனிப் பார்ப்போம்.

2. சிந்திப்போம்

(அ) கூடாரத்தில் கிடைத்த ஓய்வுநாள்

கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று தொடக்கநூலில் வாசிக்கிறோம். ஆனால் மக்கள் ஓய்வுநாளைக் கைக்கொண்டதை விவிலியம் முதன்முதலாகச் சொல்லும் இடம் எது? சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் தரப்படுவதற்கு முன்னர், பாலைநிலத்தில் கூடாரங்களில் இருந்த ஒரு மக்களிடத்தில். விடுதலைப்பயணம் (யாத்திராகமம்) 16ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள்.

அவர்கள் எகிப்திலிருந்து அவசரமாக வெளியேறியவர்கள். மா புளிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. பிசைந்த மாவையும் பிசையும் பாத்திரத்தையும் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள் என்று 12ஆம் அதிகாரம் 34ஆம் வசனம் கூறுகிறது. குண்டுச் சத்தத்துக்குள்ளும் ஒரு பானையையும் ஒரு சுளகையும் விடாமல் கொண்டுவந்த தாய்மாருக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை.

வெளியேறி ஒரு மாதம் சென்றபின் பசி வந்தது. கடவுள் மன்னாவைத் தந்தார். அளவும் சொன்னார்: ஆளுக்கு ஒரு ஓமர். நிவாரண அட்டைக்குப் பொருள் வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கூடச் சேர்த்தவனுக்கு மிஞ்சவும் இல்லை, குறையச் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை. நாளைக்கென்று பதுக்கியது புழுத்தது. ஆறாம் நாளில் மாத்திரம் இரண்டு மடங்கு கிடைத்தது. அன்றே சுட வேண்டியதைச் சுட்டு, அவிக்க வேண்டியதை அவித்து வைத்துவிடும்படி மோசே சொன்னார். ஏழாம் நாளில் அது கெட்டுப்போகவில்லை.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிப்போம்.

முதலாவது, ஓய்வு காணி கிடைத்தபின் கிடைத்த பரிசாக வரவில்லை. காணியே இல்லாத காலத்தில் வந்தது. "வீடு கட்டி முடியட்டும், கடன் தீரட்டும், பிள்ளைகள் படித்து முடியட்டும், பிறகு ஆறுவோம்" என்று நாம் சொல்கிறோம். கடவுள் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாவது, ஏழாம் நாளில் ஓய்வு எடுப்பதற்காக ஆறாம் நாளில் சமையல் ஒழுங்கு செய்யப்பட்டது. சமைப்பவர் யார், அவர் எப்போது ஆறுவார் என்பதையும் சேர்த்தே இந்த ஓய்வு திட்டமிடப்பட்டது.

மூன்றாவது, சிலர் ஏழாம் நாளிலும் பொறுக்கப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓயாமல் ஓடினால்தான் குடும்பம் பிழைக்கும் என்ற பயத்தைக் கடவுள் அவர்களிடமிருந்து மெல்ல மெல்ல எடுத்தார்.

(ஆ) மாட்டுக்கும் ஓய்வு

இணைச்சட்டம் (உபாகமம்) 5ஆம் அதிகாரம் 12 முதல் 15 வரையான வசனங்களில் யார் யாருக்கு ஓய்வு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன்னிடம் தங்கியிருக்கும் அந்நியன். காரணமும் அங்கே உண்டு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை மறவாதே. ஓய்வில்லாமல் வேலை வாங்குவது அடிமைத்தனம், அந்த வாழ்க்கையிலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தேன் என்பது இதன் கருத்து.

இந்தப் பட்டியலில் தாயைக் காணவில்லையே என்று கூர்மையாக வாசிக்கும் பெண்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 'நீ' என்ற சொல் வீட்டுத் தலைவனை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொண்டால், மாட்டுக்கு ஓய்வு, கழுதைக்கு ஓய்வு, தாய்க்கு இல்லை என்று முடியும். கடவுளின் எண்ணம் அதுவாக இருக்க முடியாது. 'நீ' என்பதில் வீட்டை நடத்தும் ஆணும் பெண்ணும் இருவரும் அடங்குவர். மாடு பூட்டி உழுத காலத்தில் எமது பெரியோர் வெயில் ஏறியதும் நுகத்தை அவிழ்த்து, மாட்டைத் தண்ணீர் காட்டி நிழலில் கட்டினார்கள். மாடு விழும்வரை உழுதவனை ஊர் நல்ல கமக்காரன் என்று சொல்லவில்லை.

(இ) கடவுள் எலியாவைக் கண்டிக்கவில்லை

எலியா இறைவாக்கினர் உயிருக்கு அஞ்சி ஓடியவர். 1 அரசர் 19ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, இனிப் போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். பிறகு படுத்து நித்திரையாகிவிடுகிறார்.

கடவுளின் தூதர் வந்து என்ன செய்தார்? "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லவில்லை. செபமாலை சொல்லும்படி எழுப்பவும் இல்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். தூதர் இரண்டாம் முறையும் உணவு கொடுத்தார். உன் பயணம் நீண்டது, உன் பலம் போதாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டு பேசினார். அந்தப் பலத்தோடுதான் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையில் கடவுளைச் சந்தித்தார்.

இனிப் போதும் என்று சில இரவுகளில் உங்கள் வாயிலும் வந்திருக்கலாம். அதைக் கேட்டுக் கடவுள் கோபிப்பதில்லை. களைத்த பிள்ளைக்கு முதலில் உணவும் நித்திரையும் தருபவர் அவர். ஞாயிறு பகலில் ஒரு தாய் நிம்மதியாக ஒரு மணித்தியாலம் படுத்து எழும்புவதும் அவர் தரும் கொடைதான்.

(ஈ) அடுப்பு மூட்டிய ஆண்டவர்

மார்த்தா, மரியா கதையைக் கேட்கும்போதெல்லாம் பல தாய்மாருக்குத் தங்களையே கண்டிப்பதுபோல் இருக்கும். ஆனால் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மார்த்தாவின் சமையலைக் குறை கூறவில்லை. பலவற்றையும் நினைத்து அவள் கலங்கி நிற்பதைக் கண்டு இரங்கினார். அதே மார்த்தாதான் யோவான் 11ஆம் அதிகாரத்தில், தன் சகோதரனைப் புதைத்த துக்கத்தின் நடுவிலும், நீரே மெசியா என்று அறிக்கையிட்டாள்.

ஆண்கள் வாசிக்க வேண்டிய பகுதி யோவான் 21ஆம் அதிகாரம். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் வேலை செய்து களைத்து வந்தவர்களைச் சாப்பிட அழைத்தார். சாவை வென்றவர் அடுப்படியில் நிற்பதைக் குறைவாக எண்ணவில்லை. அவரைப் பின்பற்றும் தகப்பனும் மகனும் தேங்காய் திருவினால் மரியாதை குறையும் என்று சொல்ல இடமில்லை.

(உ) திருச்சபையின் போதனை

1891 இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளரின் ஞாயிறு ஓய்வு அவர்களது உரிமை என்பதை வலியுறுத்தினார். 1981 இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதியபோது, வீட்டையும் பிள்ளைகளையும் நாள்தோறும் சுமக்கும் பெண்களின் உழைப்பைச் சமூகமும், சில வேளைகளில் சொந்தக் குடும்பமும்கூட, உரியபடி மதிப்பதில்லை என்று எடுத்துக்காட்டினார். ஆகவே வீட்டு வேலையும் வேலைதான். வேலை என்றால் அதற்கு ஓய்வும் உண்டு.

"ஞாயிறில் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, என்ன செய்வது?" என்று சிலர் கேட்பார்கள். 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை போயா நாட்களை ஒட்டியே வந்தது, ஞாயிறு வேலை நாளாயிற்று. அப்போதும் எமது பெரியோர் ஆண்டவரின் நாளை மறக்கவில்லை. அரிவுவெட்டுக் காலத்தில் ஞாயிறு கைக்கு வராவிட்டால், திருப்பலிக்குப் போகும் வழியைத் தேடிக்கொண்டு, ஓய்வுக்கு அந்தக் கிழமையில் வேறொரு அரை நாளைக் குறித்து வையுங்கள். குறித்து வைக்காத ஓய்வு வந்து சேராது.

3. செயற்படுவோம்

பெரிய மாற்றங்களை ஒரே நாளில் செய்ய முடியாது. கீழே உள்ளவற்றில் ஒன்றையோ இரண்டையோ தெரிந்துகொண்டு ஒரு மாதம் செய்து பாருங்கள்.

புளியங்கொட்டைக் கணக்கு: வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் பாயில் இருங்கள். சனி, ஞாயிறு செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தண்ணீர் அள்ளுதல், விறகு கொத்துதல், உடுப்புத் தோய்த்தல், கூட்டுதல், சமைத்தல், சட்டி பானை கழுவுதல், சந்தைக்குப் போதல், ஆடு கோழி பார்த்தல், பிள்ளையைக் குளிப்பாட்டுதல். ஒரு வேலைக்கு ஒரு புளியங்கொட்டை. இப்போது அந்த வேலையை யார் செய்கிறாரோ அவர் முன்னால் கொட்டையை வையுங்கள். முடிந்ததும் யாருக்கு முன்னால் எத்தனை என்று சின்னப் பிள்ளை எண்ணட்டும். யாரும் யாரையும் ஏச வேண்டியதில்லை. பிறகு அம்மாவின் குவியலிலிருந்து ஒவ்வொருவரும் தாமாக இரண்டு கொட்டைகளை எடுக்கட்டும். எடுத்த வேலை அந்தக் கிழமை அவருடையது.

சீருடை: பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் தன் சீருடையைத் தானே தோய்க்கலாம். இரண்டு சோடி இருந்தால் ஒன்றைப் புதன்கிழமையே தோய்த்துவிட்டால் சனிக்கிழமைக் குவியல் பாதியாகும். கழுத்துப் பட்டியையும் கைமடிப்பையும் முதல்நாள் இரவு சவர்க்காரம் பூசி ஊறவிட்டால் அடித்துத் தோய்க்கும் வேலை குறையும். அக்காவிடம் தம்பியின் உடுப்பைக் கொடுக்காதீர்கள். தாயின் பாரத்தை மகளின் தலைக்கு மாற்றுவது பகிர்வு ஆகாது.

உமிப் பெட்டி: ஆறாம் நாளில் சமையலை ஒழுங்கு செய்த மக்களைப் பார்த்தோம். எமக்கும் ஒரு வழி உண்டு. ஒரு மரப்பெட்டி, பெரிய கடகம் அல்லது தடித்த மட்டைப் பெட்டியை எடுங்கள். பழைய தலையணை உறைகளில் காய்ந்த உமியை அல்லது நறுக்கிய வைக்கோலை நிரப்பித் தையுங்கள். அடியிலும் பக்கங்களிலும் மேலும், பானையைச் சுற்றி நாலு அங்குலத் தடிப்புக்கு அந்த உறைகள் வர வேண்டும். அரிசியை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைந்த தண்ணீரில் போட்டு, மூடி இறுக மூடி, நன்றாகக் கொதிக்க விடுங்கள். பச்சையரிசியென்றால் ஐந்து நிமிடம், புழுங்கலரிசியென்றால் பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்ததும் பானையை உடனே பெட்டிக்குள் வைத்து மேலே உறையால் மூடுங்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் சோறு அவிந்திருக்கும். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. இரவு ஊறவைத்த பயறு, கடலை என்றால் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பெட்டியில் விடலாம். திருப்பலிக்குப் போகுமுன் வைத்தால் வரும்போது ஆயத்தமாக இருக்கும். விறகும் மிச்சம்.

சில கவனங்கள்: பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தால் சூடு தங்காது. தணலோ நெருப்போ பானையின் அடியில் ஒட்டி வரக்கூடாது. தேங்காய்ப்பாலைப் பெட்டிக்குப் போகுமுன் விடாமல், எடுத்தபின் விட்டு ஒரு கொதி கொதிக்க விடுங்கள். எடுத்த உணவை அன்று மத்தியானமே சாப்பிட்டு முடியுங்கள். மீனும் இறைச்சியும் அடுப்பிலேயே முழுமையாக வேகட்டும்.

அயல் கைமாற்று: இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று நாம் வேலை மாறுவது பழைய வழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவரலாம். அருகருகே உள்ள நாலு தாய்மார் சேருங்கள். ஒரு ஞாயிறு பிற்பகல் ஒரு தாய் நாலு வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் தன் முற்றத்தில் வைத்துப் பார்ப்பா. மற்ற மூவருக்கும் இரண்டு மணி நேரம் ஓய்வு. இப்படி மாதத்தில் மூன்று ஞாயிறு கிடைக்கும். தனித்து நின்று குடும்பம் நடத்தும் தாய்மாரை முதலில் அழையுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள். வேறு சமயத்து அயலவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பாரம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

பங்குக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிறில்தான் எல்லோரும் வருவார்கள் என்று மாதர் சங்கம், கடன் குழு, பயிற்சி வகுப்பு, சிரமதானம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைப்பது வழக்கமாகியிருக்கிறது. இவற்றில் எவை வேறு நாளில் நடக்கலாம், எவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம் என்று பங்குத்தந்தையோடும் ஊக்குவிப்பாளர்களோடும் பேசுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஞாயிறாக இருக்கட்டும்.

உடல்நலம்: எல்லாக் களைப்பும் வேலையால் வருவதில்லை. படியேற மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, நெஞ்சு படபடப்பு, கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருத்தல் ஆகியவை இரத்தச்சோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று கணிக்கப்படுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு வகைகள், நெத்தலி முதலியவற்றைச் சேர்த்து, சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி விடுங்கள். தேநீரைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மீன் துண்டு எல்லோருக்கும் பகிர்ந்து முடிந்தபின் குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிடும் தாயின் கோப்பையிலும் ஒரு துண்டு இருக்கட்டும்.

நித்திரை வராமல், காரணமின்றி அழுகை வந்து, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அதுவும் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய நோய். போரையும் பிரிவையும் கண்ட எமது பெண்களுக்கு இது வருவது ஆச்சரியமில்லை. விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது. எலியாவை நினைவில் வையுங்கள்.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வது என்றும் சில தாய்மார் கேட்பார்கள். படுக்கலாம். வேப்பமர நிழலில் சும்மா இருக்கலாம். ஒரு சிநேகிதியோடு கதைக்கலாம். விவிலியத்தில் ஒரு பகுதியை ஆறுதலாக வாசிக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டில் எவரும் "அம்மா" என்று கூப்பிட்டு எதையும் கேட்கக் கூடாது என்பது ஒரே சட்டம்.

4. கலந்துரையாடுவோம்

1. ஊரில் இருந்தபோது வார இறுதி வேலைகளில் எமக்கு யார் யார் உதவினார்கள்? இன்று அவர்களின் இடத்தில் யார் இருக்கிறார்கள்?

2. எமது வீட்டில் அம்மா கடைசியாக எப்போது பகலில் படுத்திருந்தா? சுகமில்லாத நாளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

3. ஆண்கள் வீட்டு வேலை செய்வதைப் பற்றி எமது அயலில் என்ன சொல்கிறார்கள்? யோவான் 21ஆம் அதிகாரத்தின்படி நாம் என்ன பதில் சொல்லலாம்?

4. எமது அன்பியத்தில் தனித்து நிற்கும் தாய்மார் எத்தனை பேர்? இந்த மாதம் அவர்களுக்கு எந்த நாளில், எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுக்கப் போகிறோம்?

5. செபிப்போம்

கூடாரத்தில் இருந்த மக்களுக்கு உணவும் ஓய்வும் தந்த ஆண்டவரே, எமது வீடுகளில் களைத்திருக்கும் தாய்மாரைக் கண்ணோக்கியருளும். கைகள் நோக வேலை செய்து, செபத்தின் நடுவில் நித்திரையாகிவிடும் அவர்களை உமது பிள்ளைகளாக அணைத்துக்கொள்ளும். அவர்களின் பாரத்தைக் காணும் கண்களைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தாரும். தனித்து நிற்கும் தாய்மாருக்கு நல்ல அயலவராக எம்மை ஆக்கும். பிரிந்துபோன உறவுகளையும், இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகளையும், தேடப்படும் பிள்ளைகளையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம். வருகின்ற ஞாயிறு எமது வீட்டில் உள்ள எல்லோருக்கும் உமது நாளாக இருக்கட்டும். ஆமென்.